தயிர்ச் சட்டியில் ஒரு கிணறு

புதன்கிழமை விடிய ஆறரைக்குத் தயிர்ச் சட்டியைத் திறந்தேன். யாரோ கிணறு வெட்டியிருந்தார்கள்.

ஆடை மேலே வெள்ளை வேட்டி விரித்ததுபோல் அப்படியே கிடக்கிறது. கிழக்கே, எழுவான் பக்கத்து மூலையில் மட்டும் நேரே அடிவரைக்கும் இறங்கிய ஒரு குழி. குழிக்குள் பாதியளவு தண்ணி. வட்டச் சட்டிக்கு ஏது மூலை என்று கேட்காதீர்கள். தயிரில் கிணறு வெட்டுகிறவர்களின் கையில் அகப்பையைக் கொடுத்தால் உருண்டையிலும் மூலை கண்டுபிடிப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரியும்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தயிரைப் பற்றி அல்ல. இந்தக் கோடையில் ஒரு கிழமை முழுக்க, அன்றாடம் காணக் கிடைக்கும் சின்னச் சின்னச் சந்தோசங்களைப் பற்றி. அதிலும் வியாழக்கிழமை எங்கள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் நந்திக்கு முன்னால் ஒரு விசயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு வருகிறேன்.

சுவிசில் இருந்து மருமகள் வந்திருக்கிறாள். அக்காவின் மகள். பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே. தமிழ் மட்டும் அக்காவின் வாயிலிருந்து இறங்கிய அசல் மட்டக்களப்புத் தமிழ். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நானும் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவன்தான். பென்சன் எடுத்த வாத்தியாருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து கையில் தந்தாள். மட்டையில் சூரியகாந்திப் பூ. உள்ளே ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு நாளின் பெயரை அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.

“மாமா, ஒரு நாளைக்கு ஒண்டு எழுதுங்க. பெரிசா ஒண்டும் வேணாம். சின்னச் சந்தோசம். காலையில குடிச்ச தேத்தண்ணி, ஒரு குருவி, அப்பிடி.”

“எழுதினா?”

“சந்தோசமா இருப்பீங்க.”

“இப்ப நான் சந்தோசமா இல்லையெண்டு ஆர் சொன்ன?”

குசினிக்குள் இருந்து மனுசி இருமினாள்.

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறதாம். 2003 இல் எம்மன்ஸ், மக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து, ஒரு கூட்டத்தாரை நன்றியோடு நினைக்கக்கூடிய விசயங்களைக் கிழமைக்கொருமுறை எழுதச் சொன்னார்களாம். அப்படி எழுதினவர்கள் வாழ்க்கையை நல்லதாகக் கண்டார்கள். உடம்புக் கோளாறும் குறைவாகச் சொன்னார்கள். மருமகள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் வாத்தியார் அல்லவா, மிச்சத்தையும் தேடி வாசித்தேன். அதே ஆராய்ச்சியில் இன்னொரு கூட்டத்தாரும் இருந்திருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொன்னது அந்தக் கிழமை எரிச்சல் தந்தவற்றை. எனக்கு உடனே அந்த முகம் தெரியாத பிள்ளைகள் மேல் ஒரு பாசம் வந்தது. என்னை அங்கே சேர்த்திருந்தால் கொப்பி போதாமல் மறு கொப்பி கேட்டிருப்பேன்.

சரி, மருமகள் கேட்கிறாள், எழுதுவோம் என்று திங்கட்கிழமை எழும்பினேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் பாதையில் போக ஆசை வந்தது. வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் ஊரில் ரோட்டு ரோட்டுத்தான். ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பேர். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவில் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாவியைப் போட்டுவிட்டு, கடக்கிறதுக்கு ஒரு தட்டையான இரும்பையும் தந்து, அதற்குப் பாதை என்று பேர் வைத்தவன் பெரிய நகைச்சுவைக்காரன். மண்முனையில் பாலம் வருமட்டும் நாங்கள் அந்த நகைச்சுவையில் நின்றோம். சைக்கிளோடு நின்றோம், ஆட்டோடு நின்றோம், பிள்ளைப்பேற்று வலி வந்தவளோடு நின்றோம். 2014 சித்திரையில் ஜப்பான்காரரின் உதவியில் பாலம் திறந்த அன்று, இனிமேல் செத்தாலும் பாதையில் ஏறுவதில்லை என்று நான் சொன்னதை மனுசி இன்றைக்கும் ஞாபகப்படுத்துவாள்.

ஆனால் அம்பிளாந்துறையில் பாதை இன்னும் ஓடுகிறது. அங்கே ஏறினால் குருக்கள்மடத்தில் இறங்கலாம். பாலம் வீட்டுக்குக் கிட்ட இருக்க, அதை விட்டுவிட்டு, வேகாத வெயிலில் எதிர்ப்பக்கமாகப் போய், பாதைக்குக் காத்துக் கிடந்து, அக்கரைக்குப் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் அதே பாதையில் திரும்பி வந்தோம். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோசம். எனக்கும் கண் கலங்கியது. காற்றில் மண்.

“காத்து நல்லா இருக்கு, என்ன மாமா?”

“இது கச்சான்.”

“எங்க விக்கிறாங்க?”

பிழை அவளுடையதல்ல. நிலக்கடலைக்கும் கச்சான், உடம்பைக் காயவைக்கிற காற்றுக்கும் கச்சான். ஒன்றை வறுத்துத் தின்கிறோம், மற்றது எங்களை வறுக்கிறது. வைகாசி, ஆனியில் கொழும்பில் வெள்ளம் என்று ரீவியில் தோணி ஓடக் காட்டுவார்களே, அந்த மழையைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான் இது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரம் இல்லாமல் மலையிறங்கி, இறங்க இறங்கச் சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. மேற்கிலிருந்து எங்களுக்கு வருவதெல்லாம் இந்த விதமாகத்தான் வரும். நல்லது அங்கேயே இறங்கிவிடும். காற்று மட்டும் வரும்.

வைகாசியில் ஊரூராகக் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு வைத்து, மதுரையை எரித்த அந்தக் கோபம் தணியக் குளிர்த்தி பாடி, அம்மனைக் குளிர வைத்து விடுகிறோம். அம்மன் குளிர்ந்து உள்ளே போய்விடுவா. ஆடியில் வெளியே நிற்கிற எங்களைக் குளிர வைக்கப் பாட்டுப் பாடுவதற்கு ஒருவரும் இல்லை.

திங்கள் பக்கத்தில் எழுதினேன்: ‘பாதை. காற்று. பரவாயில்லை.’ மருமகள் சிவப்புப் பேனையால் ‘இன்னும் விரிவாக’ என்று போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கறண்ட் போனது. கறண்ட் போனதைப் பற்றி இலங்கையில் ஒருவருக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்த ஆட்கள் நாங்கள். 2025 மாசி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே அடியாகப் போனதே, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்கு தொட்டது பாணந்துறையில். பேன் நின்றது கொக்கட்டிச்சோலையில். மேற்கிலிருந்து வருவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு இரவு பத்தரைக்குத்தான் வந்தது. வந்தவுடனே ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு, சின்னது பெரிது எல்லாம் சேர்ந்து “வந்துட்டு!” என்று ஒரு சத்தம். தாங்களே போய்ப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல. நானும் கத்தினேன். கத்திவிட்டு, அறுபத்தாறு வயது மனிதன் கத்தலாமா என்று சுற்றிப் பார்த்தேன். இதைத்தான் செவ்வாய் பக்கத்தில் எழுதினேன். மருமகள் சரி போட்டாள். சும்மா இருக்கிற நேரத்தில் தராமல் வைத்திருந்து, பிறகு தந்தால் சந்தோசம் வரும் என்றால், அதற்குக் கொப்பி எதற்கு என்று கேட்டேன். அவளும் இருமினாள். இருமல் அம்மா வழியில் வருவது என்று நினைத்திருந்தேன். அவளுடைய மாமி வழியிலும் வரும் போலிருக்கிறது.

புதன்கிழமை தயிர்.

மீன்பாடும் தேனாடு என்று எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் பேர் வைத்தவர்கள் தயிரை விட்டுவிட்டார்கள் என்பது என்னுடைய பழைய மனக்குறை. மீன் பாடி நான் கேட்டதில்லை. முழு நிலாவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போய், துடுப்பின் நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். போனேன், வைத்தேன், காது நனைந்தது. தேன் காட்டுக்குள் இருக்கிறது, காட்டுக்குள் யானை இருக்கிறது. ஆனால் தயிர் கொக்கட்டிச்சோலைச் சந்தியில் இருக்கிறது. காசைக் கொடுத்தால் கையில் இருக்கிறது. கடைக்காரன் சட்டியைச் சரித்துக் காட்டுவான், தயிர் அசையாது. அப்படிக் காட்டத் தேவையில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் காட்டாவிட்டால் நான் வாங்கமாட்டேன்.

எருமைப் பாலில் கொழுப்பு ஏழு, எட்டு வீதம். பசுப்பாலில் அதில் ஏறத்தாழப் பாதி. அதனால்தான் ஆடை அந்தத் தடிப்பில் படிகிறது. சுட்ட மண்சட்டிக்கு மூச்சு இருக்கிறது. தயிரின் தண்ணியை மெல்ல மெல்ல உறிஞ்சி வெளியே கசியவிடும். கசிந்தது காற்றில் ஆவியாகும்போது சட்டி குளிரும். உள்ளே தயிர் இறுகும். கச்சான் வீசுகிற காலத்தில் எங்களுக்குத் தெரிய அந்தக் காற்றால் நன்மை அடைகிற ஒரே பொருள் தயிர்ச் சட்டிதான். பிளாஸ்டிக் கோப்பையில் விற்கிறதையும் தயிர் என்கிறார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், பிரசர் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு இறுகின ஒரு பொருளை எப்படி அள்ளுவது? இதில்தான் மனித குலம் பிரிகிறது.

முதலாவது, வயல்காரர். மேலே இருந்து, பரவலாக, ஒரு படைக்கு ஒரு படை, வரம்பு பிசகாமல் இறங்குவார்கள். நான் இந்தக் கட்சி. மூன்றாம் நாள் சட்டியைப் பார்த்தாலும் அறுவடை முடிந்த வேளாண்மை வயல்போல் மட்டமாக இருக்கும்.

இரண்டாவது, வாய்க்கால்காரர். சட்டியின் விளிம்போரமாகச் சுற்றிக்கொண்டே வருவார்கள். கடைசியில் நடுவில் ஒரு தீவு மிஞ்சும். அந்தத் தீவு ஒரு நாள் சரிந்து விழும். பக்கத்து வளவு மச்சான் இந்தக் கட்சி. அவருடைய வேலியும் அப்படித்தான், ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வரும்.

மூன்றாவது, தோல் உரிப்பவர். ஆடையை மட்டும் வழித்து எடுத்துக் கோப்பையில் போட்டுக்கொண்டு, கித்துள் பாணியும் ஊற்றிக்கொண்டு, நல்ல பிள்ளைபோல் வெளியே போய்விடுவார்கள். என்னுடைய பேரன். எட்டு வயது. கேட்டால், “மேலாலதானே அம்மப்பா அள்ளச் சொன்னீங்க?” என்கிறான். வக்கீலாக வருவான்.

நாலாவது, கலக்குபவர். சட்டிக்குள்ளேயே சீனியைப் போட்டுக் கலக்குபவர். இவர்களைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. எங்கள் சம்பந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார். கலியாணம் பேசும்போது சாதகம் பார்த்தோம், இதைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது, கிணறு வெட்டுபவர்.

மற்ற நாலு கட்சிக்கும் ஏதாவது கொள்கை இருக்கிறது. உரிப்பவனுக்கு ருசி. வாய்க்கால்காரனுக்கு ஆசை. கலக்குபவனுக்கு அறியாமை. கிணறு வெட்டுபவனுக்கு என்ன இருக்கிறது? தயிர் முழுவதும் அவனுக்கு முன்னால் பரந்து கிடக்க, ஒரே இடத்தில் துளைப்பதற்கு என்ன அவசியம்? அடியில் இருப்பதும் அதே தயிர்தானே? துளைத்த இடத்தில் நாலு பக்கத்துத் தண்ணியும் வந்து சேரும். மறுகா அந்தத் தண்ணிக்குள் அகப்பையை விட்டு, ஓரம் இடிந்து, அந்த இறுக்கம் எல்லாம் போய், சட்டி முழுவதும் மாரி காலத்து ஒழுங்கை மாதிரி ஆகிவிடும். படுவான்கரை விவசாயி வயல் நடுவில் கிணறு வெட்டுவானா? ஓரமாக வெட்டுவான். சரி, இவர்களும் ஓரமாகத்தான் வெட்டுகிறார்கள். அது வேறு.

சும்மா கிடைக்கிற தயிரும் இல்லை இது. பட்டிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். மேய்ச்சல் தரைக்காக, மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 புரட்டாதியில் சித்தாண்டியில் ரோட்டோரம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாடு மேய நிலம் கேட்டு மனிசன் கொட்டிலுக்குள் குந்தியிருக்கிற நாட்டில், ஒரு சட்டித் தயிர் வீட்டுக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். வந்து சேர்ந்த தயிருக்கு இரவோடு இரவாக இந்தக் கதி.

காலிச் சட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடும். வீட்டுக் கோடிப்புறத்தில் நேற்று எண்ணினேன்: எழுபத்தொன்று. ஒன்றில் கற்றாழை. ஒன்றில் குருவிக்குத் தண்ணி. ஒன்றில் உடைந்த வாளியின் பிடி. மிச்சம் அறுபத்தெட்டும் ‘ஒரு நாளைக்குத் தேவைப்படும்’. அந்த நாள் எது என்று மனுசியிடம் கேட்டேன். “வரக்குள்ள தெரியும்,” என்றாள். நுளம்புப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேற்றடியில் நின்றாலே அறுபத்தெட்டையும் கவிழ்த்து வைக்கிற வேலை என்னுடையது. உங்கள் வீட்டிலும் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

விசாரணைக்கு வருவோம். புதன் காலை ஏழு மணிக்குக் குடும்பத்தை விறாந்தையில் கூட்டினேன். பேரன் தோலுரி கட்சி, அவன் ஆடையைத் தொடாமல் அடிக்குப் போகமாட்டான், விடுதலை. மனுசிக்குத் தயிரே ஆகாது, சளி. மருமகள் தயிரைப் படம் பிடிக்காமல் சாப்பிடுவதில்லை. போனைப் பார்த்தேன், படம் இல்லை. பக்கத்து வளவு மச்சான் இரவு வேலியால் வந்தாரா என்று வேலியைப் பார்த்தேன். வேலி வழக்கம்போலக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது, அவ்வளவுதான்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமா, தயிருக்குப் போய் இவ்வளவு விசாரணையா?”

நானும் சிரித்திருப்பேன். ஆனால் வர முன்னம் கூகுளில் ஊரின் பேரைப் போட்டுப் பார்த்ததாக அவள் வந்த அன்றே சொல்லியிருந்தாள். போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 1987 தைப் படுகொலை வரும். 1991 ஆனி 12 படுகொலை வரும். அந்த ஆனி மாதத்துக்கு ஆணைக்குழு வைத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். செத்தவர்களின் பேருக்கு மகிழடித்தீவில் தூபி நிற்கிறது. கொன்றதற்காகச் சிறைக்குப் போன ஒருவரும் இல்லை. இந்த ஊரில் ஒரு விசாரணையாவது முடிவுக்கு வர வேண்டும் என்று நான் நினைத்ததில் பிழை என்ன? தயிர் விசாரணைக்காவது ஆளைப் பிடிக்க வேண்டும். இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த பிள்ளை.

“தொடர்ந்து விசாரிப்போம்,” என்றேன்.

அப்போதுதான் சுவர்ப்பக்கம் இருந்து ஒரு குரல். மாமி. மனுசியின் தாய். எண்பத்திரண்டு வயது. கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து மாமி என்னோடு நேரே பேசியதில்லை, மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்லுவா. மகள் இல்லாவிட்டால் சுவருக்கு.

“நாந்தான் வெட்டினெண்டு சொல்லு புள்ள.”

விறாந்தை அமைதியானது.

“ஏன் வெட்டினதெண்டு கேளு,” என்றேன், மனுசியைப் பார்த்து.

“தண்ணிக்குத்தான் எண்டு சொல்லு. படுக்கக்குள்ள ஒரு குழி வெட்டி விட்டா விடியக்குள்ள தண்ணி ஊறி நிக்கும். உப்புக்கல்லும் சின்ன வெங்காயமும் போட்டு, கச்சான் எழும்ப முன்னம் குடிச்சா அண்டைக்கு முழுக்க வெக்கை அண்டாது. எங்கட அம்மா வெட்டினா, அம்மாட அம்மா வெட்டினா. படிச்ச ஆக்களுக்கு இதொண்டும் தெரியா எண்டு சொல்லு.”

கடைசி வசனத்தை மனுசி இரண்டு தரம் சொன்னாள். மாமி ஒரு தரம்தான் சொன்னா.

நான் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தது விஞ்ஞானம். மண்சட்டி மூச்சு விடுகிறதைப் படம் கீறிக் காட்டிப் படிப்பித்தவன். தயிருக்குள் குழி வெட்டினால் அதற்குள் தண்ணி ஊறும் என்பதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினேனே தவிர, குடிப்பதற்குப் பயன்படுத்தத் தோன்றவில்லை. கிணறு எதற்கு வெட்டுவார்கள் என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் தண்ணிக்கு என்று சொல்லும். நான் தயிருக்கு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்காக நான் தோற்றேன் என்று அர்த்தமில்லை. மாமி வெட்டினால் அது மருத்துவம். உங்கள் வீட்டில் வெட்டுகிறவர் தண்ணியையும் குடிப்பதில்லை, தயிரையும் விடுவதில்லை. அவரைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

மாமி ஒரு மூக்குப்பேணியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தா. “குடிக்கச் சொல்லு,” என்றா, சுவரிடம். மறுத்தால் மரியாதை இல்லை. குடித்தேன். புளிப்பும் உப்பும் வெங்காயக் காரமும் ஒன்றாகத் தொண்டையால் இறங்கியது. நல்லாத்தான் இருந்தது என்று எழுதினால் மருமகள் சரி போடுவாள் என்பதால் அதை எழுதவில்லை. மருமகளின் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு கூட்டம், நன்மைகளைக் கிழமைக்கு ஒரு தரம் எண்ணினவர்களுக்குத்தான் பலன், கிழமைக்கு மூன்று தரம் எண்ணினவர்களுக்கு இல்லை என்று கண்டிருக்கிறது. நாளுக்கொன்று கேட்கிற மருமகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

புதன் பக்கத்தில் தயிரைப் பற்றி எழுதத் தொடங்கினேன். கட்சிகளைப் பற்றி எழுதி முடிக்கப் பக்கம் முடிந்துவிட்டது. வியாழன் பக்கத்தின் தலைப்பை வெட்டிவிட்டு அதில் கிணறு. வெள்ளியில் காலிச் சட்டி. சனியில் விசாரணை. நேற்று இரவு மருமகள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். முழுக்க வாசித்தாள். சிவப்புப் பேனையை எடுத்தாள், மூடினாள்.

“மாமா, இதில சந்தோசம் எங்க?”

“நாலு பக்கம் எழுதியிருக்கிறனே!”

“இது முழுக்கக் கோவம்.”

“ஓம். ஆனா கை நோகாம எழுதின.”

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு நாலு பக்கத்துக்கும் சேர்த்து, பெரிதாக, ஒரே ஒரு சரி போட்டாள். இரக்கப்பட்டுப் போட்ட புள்ளி எது, உழைத்து எடுத்த புள்ளி எது என்று ஒரு வாத்தியாருக்குத் தெரியும். இது எது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நந்தி விசயம் அப்படியே நிற்கிறது. பறங்கியர் வந்து, இந்தக் கல் மாடு புல்லுத் தின்னுமா என்று கேட்டபோது எழும்பிப் புல்லுத் தின்று சாணமும் போட்டது என்று சொல்லப்படுகிற நந்தி. அதற்கு முன்னால், வியாழக்கிழமை நடுப்பகல், மருமகள் ஒரு பிடி புல்லோடு நிற்க, நான் குடையோடு நிற்க, அங்கே நடந்ததை எழுதக் கொப்பியில் மிச்சம் கிடக்கிற ஞாயிறு பக்கமும் போதாது, இங்கேயும் இடமில்லை. ஆவணியில் கொடியேறித் தேர் ஓடும்போது கோயிலுக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டால் கேளுங்கள். கச்சான் கடைப் பக்கம் நிற்பேன்.

நேற்றுப் பின்னேரம் புதுச் சட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரன் சரித்துக் காட்டினான். இன்றைக்கு விடியத் திறந்தபோது அதில் இரண்டு கிணறு இருந்தது. பேரன் கேட்டான், மனுசி கேட்டாள், மருமகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து படம் பிடித்தாள். விசாரணை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுவான் பக்கத்தில் இருப்பது மாமியுடையது.